குழந்தையை உடனே வெளியே கொண்டுவரச் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் எழுந்து போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை பிரசவ அறை வாசலில் நிற்கும்போது, கதவு திறந்ததும் "சிஸ்டர், குழந்தையைக் காட்டுங்க" என்று கேட்காதீர்கள். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா என்று கேளுங்கள். நல்லா இருக்காங்க என்றால் ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன்.

பெண்கள் பள்ளியில் 29 வருடம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவள் நான். என்னிடம் படித்து டாக்டர் ஆனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நர்ஸ் ஆனவர்களுக்குக் கணக்கே இல்லை. எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏதாவது ஒரு வார்டிலிருந்து "டீச்சர்!" என்று குரல் வரும். மஸ்கட்டில் ஒருத்தி இருக்கிறாள், லண்டனில் இரண்டு பேர். இந்தப் பதிவு அவர்களுக்கும், அவர்கள் முன்னால் போய்க் கூட்டமாக நிற்கிற நமக்கும்.

தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பு என்றாலே நாம் பட்டிமன்றம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். தொப்புள்கொடி உறவு, பத்து மாதம் சுமந்தவள் என்று அடுக்கிவிட்டு, அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். பாதிதான் உண்மை. அது உடம்பு செய்கிற வேலையும்கூட. உடம்பு வேலை செய்ய அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த இடமும் நேரமும் நர்ஸ் கையில்தான் இருக்கின்றன. டாக்டர் தையல் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார்.

பிறந்த குழந்தை முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக விழித்திருக்கும். அதற்குப் பிறகு நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். அந்த விழிப்பு நேரத்தில் ஈரம் துடைத்து, துணி எதுவும் சுற்றாமல், தாயின் வெறும் மார்பின்மேல் குப்புறப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்து ஒரு உலர்ந்த துணியால் மூடிவிட்டால் போதும். முதலில் அழுகை நிற்கும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். பிறகு கண் திறக்கும், கையை வாயில் வைத்துச் சப்பும், காலை உந்தும், தலையைத் தூக்கித் தூக்கிப் போடும். கடைசியில் யாரும் பிடித்து வைக்காமலே காம்பைத் தேடிப் போய்விடும். அந்தப் பிஞ்சுக் கை மார்பைப் பிசையப் பிசையத் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் சுரக்கிறது. கருப்பை சுருங்குவதும், ரத்தப்போக்கு குறைவதும், பால் இறங்குவதும், பயம் தணிந்து மனம் இளகுவதும் அதனோடு சேர்ந்தவை. தாயின் மார்புச் சூடுகூடக் குழந்தைக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அகச்சுரப்பிப் பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால், கடைசி பெஞ்சும் எழுந்து உட்கார்ந்து கேட்கும்.

குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். சப்புகிற விதத்தை மாற்றினால் காதில் தாயின் குரல் கேட்கும், இல்லாவிட்டால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி சப்பக் கற்றுக்கொண்டன. 1994-இல் இன்னொரு குழு, தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, பிறந்த குழந்தையை நடுவில் விட்டுப் பார்த்தது. 30 குழந்தைகளில் 22 கழுவாத பக்கம் போயின. வாசனைதான் வழிகாட்டி. சுத்தம் என்று சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிற பாட்டிகள் இதைக் கவனிக்கவும்.

அந்த நேரத்தில் பிரித்தால் என்ன ஆகிறது? ஸ்வீடனில் செய்து 1990-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பிரிவில் குழந்தையைத் தாயின்மேலேயே ஒரு மணி நேரம் விட்டார்கள். இன்னொரு பிரிவில் 20 நிமிடத்தில் எடுத்து, அளந்து, உடை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். விட்டுவைத்த 38 குழந்தைகளில் 24 சரியாகப் பால் குடித்தன. எடுத்துக் கொடுத்த 34-இல் 7 மட்டுமே. எடுத்ததற்குக் காரணம் என்ன? எடை பார்க்க. எடை ஒரு மணி நேரத்தில் ஓடியா போய்விடும்?

உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது: பிறந்தவுடன் தோலோடு தோல், இடையில் எடுக்காமல் குறைந்தது ஒரு மணி நேரம், அந்த மணி நேரத்துக்குள் முதல் பால், முதல் குளியல் 24 மணி நேரம் கழித்து. மத்திய அரசு 2016-இல் 'மா' என்ற பெயரில் தாய்ப்பால் இயக்கமே தொடங்கியது. சுவரெங்கும் போஸ்டர் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். அப்படி இருந்தும் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் கிடைத்தது சுமார் 60 குழந்தைகளுக்குத்தான். மீதி 40 பேர் எங்கே போனார்கள்? சிசேரியன் ஒரு காரணம். நம் மாநிலத்தில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் அறுவை சிகிச்சைதான். இன்னொரு காரணத்தை வாசலில் நிற்கிற நம்மிடம் தேட வேண்டும்.

பிரசவ வார்டில் இருக்கும் என் மாணவி ஒருத்தி சொன்னாள்: "அந்த ஒரு மணி நேரம்தான் டீச்சர் எல்லாருக்கும் அவசரம். எங்களுக்கு எடை, கையில டேக், ஊசி, கேஸ் ஷீட். வெளியில இருக்கவங்களுக்கு ஜாதகத்துக்குப் பிறந்த நேரம் வேணும், போட்டோ வேணும், சேனை வைக்கணும். காட்டலைன்னா குழந்தைக்கு என்னமோ ஆயிருச்சு, மறைக்கிறாங்கன்னு சண்டைக்கு வருவாங்க. அதுக்குப் பயந்தே துணியில சுத்தி எடுத்துட்டு ஓடுறோம்."

சேனை பற்றி ஒரு வார்த்தை. யார் முதலில் சீனித் தண்ணியோ தேனோ தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம் பக்கம் நம்பிக்கை. நல்ல மனசுக்காரராகப் பார்த்துத் தேடுவார்கள். அந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்காகத் தயாராக இருப்பது சீம்பால், அதைச் சுரப்பவள் உள்ளே படுத்திருக்கிறாள். முதல் சொட்டை அவள் வைக்கட்டும். யார் குணம் வரவேண்டும் என்று இவ்வளவு யோசிக்கிறவர்கள் பெற்றவளின் குணத்தில் என்ன குறை கண்டார்கள்?

இன்னொரு மாணவி அறுவை அரங்கில் இருக்கிறாள். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் தாய் விழித்துத்தானே இருக்கிறாள்? இவள் என்ன செய்கிறாள் என்றால், குழந்தை நன்றாக அழுதுவிட்டால் நேராகக் கொண்டுவந்து அதன் கன்னத்தைத் தாயின் கன்னத்தோடு வைக்கிறாள். டாக்டர் ஒத்துக்கொள்கிற நாளில், தையல் முடிகிறவரை மார்பின் மேல்பக்கம் குறுக்காகப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே கைவைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்குள்ளதான் முகம் தெரியும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. நான் அந்தத் தூரத்துலதான் காட்டுவேன்" என்றாள். நான் சொன்னது 20 முதல் 30 சென்டிமீட்டர். முழம் அவள் சேர்த்தது. பரவாயில்லை, மதிப்பெண் குறைக்கவில்லை.

இவர்கள் செய்வதில் பாதி பேச்சுதான். "என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்லும்மா" என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், பின்னால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. பெண் குழந்தை என்றதும் அந்த அறையில் விழுகிற ஒரு மௌனம் உங்களில் பல பேருக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கவேண்டி வந்த மாநிலம் இது. மூன்றாவதும் பெண் என்று ஒரு தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, என் மாணவி அந்தக் குழந்தையை அவள் மார்பில் போட்டு, "பாரு, உன் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்திட்டா. எங்க யார் பேச்சுக்கும் நிறுத்தலை" என்று மட்டும் சொன்னாளாம். அறிவுரை இல்லை, திட்டு இல்லை. அந்தத் தாய் திரும்பிப் பார்த்தாள். ஒரு குழந்தையின் எதிர்காலமே மாறிவிட்டது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இனி, நம் குடும்பத்தில் நடந்தது. என் தம்பி மகளுக்கு 33 வாரத்தில் குழந்தை பிறந்தது. 1,600 கிராம். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பிள்ளை கீழ்த்தளத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில், தாய் மேல்தளத்தில் அறையில். கிருமி தொற்றும் என்று சொல்லி நான்கு நாள் அவளை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்க்கலாம். பாலைப் பீய்ச்சி ஒரு டம்ளரில் கொடுத்தனுப்ப வேண்டும், உள்ளே பாலாடையில் யாரோ புகட்டுவார்கள். நான்காம் நாள் என்னிடம் சொன்னாள், "அத்தை, அது என் பிள்ளைதானான்னே தோணுது. நான் என்னமோ பால் சப்ளை பண்றவ மாதிரி இருக்கு." அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் இரவு டியூட்டிக்கு வேறு ஒரு சிஸ்டர் வந்தார். டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு இவளைக் கூப்பிட்டனுப்பினார். முழங்கை வரை கழுவச் சொன்னார். ஒரு நாற்காலி போட்டார். எந்த ஒயர் எதற்கு, திரையில் எந்த எண் என்ன என்று காட்டினார். குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் டயபரும் மட்டும் போட்டு, இரண்டு மார்புக்கும் நடுவில் தவளை மாதிரிக் கைகால் மடங்க நிமிர்த்திவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் இறுக்கிக் கட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து முகம் தெரிகிறதா, மூக்கு அமுங்கியிருக்கிறதா, கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் பேசினாராம்: "நாங்க எல்லாம் பார்த்துக்கிறவங்கதான், அம்மா நீதானே." மறுநாள் காலையில் என் தம்பி மகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "அத்தை, இன்னிக்கு 20 கிராம் கூடியிருக்கு." முந்தின நாள்வரை எடையைப் பற்றி அவள் யாரையும் கேட்டதே இல்லை.

அந்த சிஸ்டர் செய்தது சலுகை இல்லை. அதுதான் வைத்தியம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஒரு இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போடவேண்டிய நெருக்கடியில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பிலேயே கட்டிவைக்க ஆரம்பித்தார். அங்கே குழந்தைகள் தொற்றில் இறந்துகொண்டிருந்தன. சில தாய்மார் பிள்ளையை விட்டுவிட்டே போய்க்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் தொடாத பிள்ளை எப்படித் தன் பிள்ளையாகத் தோன்றும்? அப்படிப் பிறந்ததுதான் கங்காரு முறை.

வெகுகாலம் இதை ஏழை நாட்டு ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். குழந்தையின் நிலை சீரான பிறகுதான் தாயிடம் கொடுக்கலாம் என்றும் வைத்திருந்தார்கள். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இந்தியாவில் அது நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில். சீராகும்வரை காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனே கங்காரு முறையைத் தொடங்கிய பிரிவில் 12. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். தாய்க்கும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது: குறைமாதம், எடை குறைவு என்றால் பிறந்ததிலிருந்தே, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை. அதனால் உள்ளே விடமாட்டோம் என்று யாராவது சொன்னால், சண்டை போடாமல், கங்காரு முறை எப்போது தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே உங்களைப் படிக்கவைத்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காத தாய்மார் இதைப் படித்துவிட்டு மனம் நொந்துபோகக் கூடாது. வெள்ளாடு ஈன்றவுடன் குட்டியைப் பிரித்துவைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் முட்டித் தள்ளிவிடலாம். கிராமத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனுஷி ஆடு இல்லை. கிளவுஸ், கென்னல் என்ற இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1970-களில் இந்தப் பிணைப்பைப் பற்றி எழுதித்தான் அங்கே பிரசவ வார்டுக் கதவுகள் திறந்தன. முதல் சில மணி நேரம் போனால் போச்சு என்கிற மாதிரி அது புரிந்துகொள்ளப்பட்டபோது கண்டனமும் எழுந்தது, பிறகு அவர்களே அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பிணைப்பு நாள்கணக்கில், மாதக்கணக்கில் வளர்வது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் ஆனவர்களும், தத்தெடுத்தவர்களும் பிள்ளையை உயிராக வளர்க்கத்தான் செய்கிறார்கள். பிறந்த உடனே பாசம் பொங்கவில்லை, களைப்பும் வலியும்தான் இருந்தது என்று சொல்கிற தாயும் இயல்பான தாய்தான்.

அதனால்தான் நர்ஸாக இருக்கும் என் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். "என்னம்மா, பெத்த பிள்ளையைத் தூக்கக்கூட மாட்டேங்கிறே" என்ற பேச்சு வேண்டாம். எத்தனையோ வார்டில் என் காதால் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஆகாமல், தூக்கமும் சாப்பாடும் போய், சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தால் அது நோய், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வார்டு சிஸ்டர், வீட்டுக்குப் போன பிறகு கிராம சுகாதார செவிலியர். மாமியார் "திமிர்" என்று பெயர் வைப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

நர்ஸிடம் இவ்வளவும் கேட்கிற நாம் அவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? தாயின் மார்பில் குழந்தையைப் போட்டுவிட்டுத் தனியாக விட்டுவிட முடியாது. தாய் களைத்துக் கண்ணயர்ந்தால் மூச்சு அடைபடலாம், பக்கத்தில் ஒரு ஆள் கண் வைத்திருக்க வேண்டும். என் மாணவிக்கு இரவு ஷிப்டில் இரண்டு பேர், மூன்று பிரசவ டேபிள். மூன்றும் ஒரே நேரத்தில் நிறைந்தால் அவள் எங்கே நிற்பாள்? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போட்டித் தேர்வு எழுதி வந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிறகு ஊதியம் ஏறியது, ஒரு பகுதியினர் நிரந்தரமும் ஆனார்கள். போராட்டம் முடிந்தபாடில்லை. பிணைப்பை வளர்க்க இன்னொரு போஸ்டர் அடிக்கிற காசில் ஷிப்டுக்கு ஒரு நர்ஸை அதிகமாகப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அதுவரை நம்மால் முடிந்தது, அவர்கள் வேலையைக் கூட்டாமல் இருப்பது. வாசலில் பத்துப் பேர் வேண்டாம். பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுகிற ஏற்பாடு அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. தைரியசாலியாக, வாயை மூடிக்கொண்டு முதுகைத் தடவிவிடத் தெரிந்தவராகப் பார்த்து அனுப்புங்கள். குழந்தை மார்பில் கிடக்கும்போது அதைக் கவனிக்க அவர் ஒரு கண்ணாக இருப்பார். நேரம் குறிக்க வேண்டுமானால் அவரே குறித்துக்கொண்டு வரட்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு தொகை, பெண் பிள்ளைக்கு ஒரு தொகை என்று காட்டுகூலி கொடுக்கிற வழக்கத்தை நம் வீட்டோடு நிறுத்துவோம். வாங்குகிறவர் கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீட்டுகிற கையை மடக்கலாம்.

வருகிற ஆவணியில் நம் குடும்பத்தில் ஒரு பிரசவம் இருக்கிறது. யாருக்கு என்று சொந்தங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வாசலில் நாற்காலி போட்டு நான்தான் உட்கார்ந்திருப்பேன். குழந்தையைப் பார்க்க அவசரப்படுகிறவர்கள் என்னிடம் வாருங்கள், வகுப்பு எடுக்கிறேன், சுக்குக் காபியும் உண்டு.

நர்ஸாக இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வார்டில் அந்த முதல் ஒரு மணி நேரம் உண்மையில் எப்படிப் போகிறது, எது தடுக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் நைட் டியூட்டி முடிந்து, தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போன் செய்யுங்கள். சாயந்திரம் 4 மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.